பாஸ்டர் சாப்பிட வருகிற வியாழக்கிழமை

மீன் வந்தாகிவிட்டது. தேங்காய் துருவியாகிவிட்டது, புளி ஊறுகிறது, முருங்கைக்கீரையை உருவி முறத்தில் போட்டாகிவிட்டது, இனி யூனிஸ் செய்ய வேண்டியதெல்லாம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதுதான். அந்த ஒன்றுதான் காலையிலிருந்து பதமாக வரமாட்டேன் என்கிறது. பாஸ்டர் ஞானதுரை ஒரு மணிக்குச் சாப்பிட வருவார். வந்து, ஸ்தோத்திரம் சொல்லி, கை கழுவி, ஜெபம் பண்ணி, உட்கார்ந்து, சீலா மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து முதல் வாய் வைத்து முகம் மலர்கிற அந்த நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும். எமீமாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கணும் பாஸ்டர், ஒன்பதாம் வகுப்பில், வருகிற ஜூனிலேயே. அவ்வளவுதான். சொல்லிச் சொல்லிப் பார்த்து வார்த்தை நைந்தே போய்விட்டது. சேர்க்கணும் என்பதா, சேர்க்கலாமா என்பதா, சேர்த்தால் தேவலை என்பதா. தேவலை என்றால் அவர் வேண்டாம் என்று சொல்ல நாமே வழி விட்டதாகும். சேர்க்கணும் என்றால் ஜெயசிங்கின் முகம் கறுத்துப்போகும். ஜெயசிங் நேற்றே கையைக் கழுவிவிட்டார். "நான் வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல யூனி. பாஸ்டர்ட்ட நீயே கேளு. அவிய சொன்னா சரி." பிள்ளையைப் பெற்றவர் ஒருவர், முடிவு சொல்கிறவர் இன்னொருவர், நடுவில் மீன் கழுவுகிறவள் இவள். நல்ல ஏற்பாடுதான். மிக்ஸியில் தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் சுற்றுகிறபோது, அந்த இரைச்சலை நம்பி வாய்விட்டே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பழக்கத்தில் கை சுவிட்சைத் திருப்ப, இரைச்சல் சட்டென்று நின்றுவிட்டது, 'பாஸ்டர்' மட்டும் சமையலறையில் தனியாக நின்றது. கூடத்திலிருந்து எமீமா, "என்ன டீச்சர்?" என்றாள். "ஒண்ணுமில்ல. நீ கணக்கைப் பாரு."

டீச்சர்தான். காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை இந்த வீட்டில் அவள் அம்மா இல்லை, டீச்சர். அது யூனிஸ் போட்ட சட்டம். எமீமாவுக்கு ஐந்து வயதில், பாடத்துக்கு நடுவே 'அம்மா, பசிக்கு' என்று மடியில் ஏற வந்தபோது போட்டது. ஐந்து வயதுப் பிள்ளை மடியிலிருந்து இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, கையை உயர்த்தி, 'டீச்சர், பசிக்கு' என்றது. அன்றைக்கு அதைச் சபையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. சுவரில் உலகப்படம், அதற்குப் பக்கத்தில் சபைக் காலண்டர். மாணவி ஒருத்தி, முதல் ரேங்கும் அவளே, கடைசி ரேங்கும் அவளே. அதுவும் எந்த ஊரில்? பாளையங்கோட்டையில். திரும்பின பக்கமெல்லாம் பள்ளிக்கூடம், ஒரு பள்ளிக்கூடத்து மணி ஓய்வதற்குள் இன்னொன்றின் மணி அடிக்கிற ஊர். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இந்த ஊரில் படிக்கிறார்கள், இந்த ஊரிலேயே பிறந்தது சோறு தின்கிற மேசையில் படிக்கிறது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, ஒரு நாள் மதில் ஓரமாக வந்து குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் செய்யுதாக்கா?" என்று கேட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, பெற்றவர்களுக்குத்தான் பக்தி முற்றிப்போயிற்று என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நாங்க வீட்டுலயே படிக்க வைக்கோம்" என்றாள், வீட்டிலேயே மாவு அரைத்துக்கொள்கிறோம் என்று சொல்கிற மாதிரி. அந்தப் பெண் சரி சரி என்று தலையாட்டினாள். ஐயோ பாவம் என்கிற ஆட்டல் அது. பாவம் எமீமாவா, தானா என்பதுதான் யூனிசுக்கு விளங்கவில்லை. இன்றுவரை விளங்கவில்லை.

புளியைக் கரைத்து வடிகட்டும்போது தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தக் கைதான் அந்த அட்டையை எடுத்தது. வருடத்தின் கடைசி ராத்திரி ஆராதனையில் ஒரு தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், வீட்டுக்கு ஒருவர் போய் ஒன்று எடுக்க வேண்டும், எடுத்த அட்டையில் இருக்கிற வசனம்தான் வருகிற வருடத்துக்கு அந்த வீட்டுக்கு ஆண்டவர் கொடுக்கிற வார்த்தை. மற்ற வீட்டுக்காரர்கள் அதைக் கண்ணாடி ஓரத்தில் செருகிவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போவார்கள். ஜெயசிங் அப்படிப்பட்ட ஆள் இல்லை. எமீமாவைப் பள்ளியில் போட வேண்டிய அந்த வருடம் யூனிஸ் எடுத்துவந்த அட்டையில், உன் பிள்ளைகளுக்கு ஆண்டவரே கற்றுக்கொடுப்பார் என்கிற பொருளில் ஒரு வசனம் இருந்தது. சந்தோஷமாகத்தான் கொண்டுவந்து நீட்டினாள். பள்ளிக்கூட டீச்சர் எடுத்த அட்டையில் படிப்பே வந்திருக்கிறது பாருங்கள் என்று பெருமை வேறு. ஜெயசிங் படித்தார், மறுபடியும் படித்தார், கண் கலங்கிவிட்டது. "யூனி, ஆண்டவர் கத்துக்கொடுப்பார்னுதானே இருக்கு. பள்ளிக்கூடம் கத்துக்கொடுக்கும்னு இல்லியே." பாஸ்டர் ஞானதுரை அவர் தோளில் தட்டி, "பிரதர், இதுல ஆண்டவர் உங்களோட பேசுறாரு" என்றார். அந்த மாதம் முழுக்கப் பிரசங்கமே அதுதான், பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளுக்குள் உலகத்தைப் புகட்டிவிடுகின்றன என்று. உலகம் என்ன விளக்கெண்ணெயா, மூக்கைப் பிடித்துப் புகட்ட? அப்போது இந்தக் கேள்வி தோன்றவில்லை. கோடை விடுமுறைக்கு முன் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். நிரந்தர வேலை, கணக்கு டீச்சர். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஒரு பிள்ளைக்காக இத்தனை பிள்ளைகள விட்டுட்டுப் போறியே யூனிஸ்" என்றார். யூனிஸ் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். கோபம் வர வேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்குப் பெருமை வந்திருக்கிறது, அதுதான் அவளுடைய கோளாறு. கை கொஞ்சம் இந்தப் பக்கம் போயிருந்தால்? அடுத்த அட்டையை எடுத்தவள் தையல்காரச் சகோதரி. அதில் வியாதி நீங்கும் என்று இருந்தது. அவளுடைய மூட்டுவலி இன்னும் நீங்கவில்லை, பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள்.

"டீச்சர், முடிச்சிட்டேன். குழம்புக்கு வரவா?" எமீமா வாசலில் நின்றாள். வியாழக்கிழமை கணக்குக்கு அப்புறம் செய்முறை வகுப்பு, அதாவது சமையல். வா என்று நகர்ந்து இடம் விட்டாள். எமீமா மண்சட்டியை ஏற்றி, எண்ணெய் காய்வதற்குள் வெங்காயத்தை எட்டிப் பிடித்து, வெந்தயம் பொரிகிற நொடியில் சரியாகப் போட்டாள். யாருக்காகவும் காத்திராத கை. எல்லாம் இவள் கற்றுக்கொடுத்தது. பின்னத்தைத் தேங்காய் மூடியில் கற்றுக்கொடுத்தாள், விகிதத்தை இட்லிக்கு ஊறப்போடுகிற அரிசியிலும் உளுந்திலும் கற்றுக்கொடுத்தாள், கொதிநிலை, ஆவி, எண்ணெயில் தண்ணீர் பட்டால் ஏன் தெறிக்கிறது, பால் ஏன் பொங்குகிறது, எல்லாம் இந்த அடுப்படியில்தான். முதல் சில வருடங்கள் அது ஒரு போதையாகவே இருந்தது, மறைப்பானேன். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளுக்கு முன் கத்தித் தொண்டை கட்டிய காலத்தில் அவளுக்குக் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது. சொன்னது அப்படியே ஒரு பிள்ளையின் கண்ணுக்குள் இறங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். எமீமா புரிந்துகொள்ளும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். அந்த உதட்டுக்காகவே பாடம் நடத்தியிருக்கிறாள். இப்போது அப்படி இழுப்பது குறைந்துவிட்டது, பாதி சொல்லும்போதே மீதி அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. "உப்பு?" என்றாள் யூனிஸ். "போட்டாச்சு. அம்மா..." டீச்சர் நேரத்தில் அம்மா என்றாள். யூனிஸ் திருத்தவில்லை. "நீங்க இன்னைக்குப் பேசுவீங்கல்லா?" "பேசுதேன்னு சொன்னேன்லா." "அப்பா இருக்கும்போதேவா?" "அப்பா இருக்கும்போதேதான்." "பாஸ்டர் வேண்டாம்னுட்டா?" "அப்படிச் சொல்லக் கூடாதுன்னுதான் சீலா மீன் வாங்கிருக்கு. விலை கொறஞ்ச சாளைன்னா வேண்டாம்னுருவாவ." எமீமா கரண்டியைப் பிடித்தபடியே குலுங்கிச் சிரித்தாள். பதினான்கு வயதுச் சிரிப்பு, இந்த வீட்டில் அதைக் கேட்க இரண்டே பேர். கூடச் சிரிக்க அவள் வயதில் ஒரு ஆள் கிடையாது.

அவள் வயதில் ஒரே ஒருத்தி உண்டு, எதிர்வீட்டு ரோஷினி. ஒன்பதாம் வகுப்பு. பொங்கலுக்கு அப்புறம் ஒரு சாயங்காலம் ரோஷினி சைக்கிளை வாசல் கேட்டில் சாய்த்துவிட்டு, புத்தகத்தைக் கம்பி வழியாக நீட்டி, "ஏட்டி எமீமா, இந்தக் கணக்கு வரவே மாட்டேங்கு, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டிருக்க வேண்டும். யூனிஸ் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். எமீமா படித்தாள், உதட்டை உள்ளே இழுத்தாள், பக்கத்தில் நின்ற அப்பாவின் ஸ்கூட்டர் சீட்டில் படிந்திருந்த தூசியில் விரலால் இரண்டு வரி எழுதினாள், மூன்றாவது வரியில் விடை வந்துவிட்டது. "ஏயப்பா, எங்க மிஸ் இதுக்கு ஒரு பக்கம் போட்டாங்க" என்றாள் ரோஷினி. அவ்வளவுதான் நடந்தது, சைக்கிள் போய்விட்டது. ஆனால் யூனிஸ் அன்று இரவு தோசை ஊற்றிக்கொண்டே அந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்தாள், நீளமான வழியில்தான் வந்தது. எமீமாவின் வழி அவளுக்குத் தோன்றவேயில்லை. யார் சொல்லிக் கொடுத்த வழி அது? தான் சொல்லிக் கொடுக்கவில்லை. தோசை ஒன்று தீய்ந்தது. அதற்கு மறுநாள்தான் எமீமா கேட்டாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, எனக்கு ஸ்கூலுக்குப் போணும். ரொம்ப நாளாவே போணும். நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல." ரொம்ப நாளாகவே என்றால் எவ்வளவு நாளாக? சாயங்காலம் பிள்ளைகள் சைக்கிளில் போகும் நேரம் பார்த்து அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதெல்லாம் செடிக்காக இல்லையா? நான்கே செடிக்கு அவ்வளவு நேரம் ஆகுமா என்று ஒரு நாளாவது யோசித்தேனா? எல்லாம் தெரிந்த டீச்சர்!

மீன் துண்டுகளைக் குழம்பில் இறக்கிவிட்டு எமீமா உடை மாற்றப் போனாள். பொரிப்பதற்கு எடுத்து வைத்த துண்டுகளில் மிளகாய்ப்பொடி பிரட்டிக்கொண்டே யூனிஸ் மறுபடியும் ஆரம்பித்தாள், சேர்க்கணும் பாஸ்டர். அவர் வேண்டாம் என்றால்? என்றால் இன்றைக்கு விடுவதாக இல்லை. என் வேலையை வாங்கினீர்கள், கம்மலை வாங்கினீர்கள், பிள்ளையின் சாயங்காலங்களை வாங்கினீர்கள், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும். கம்மல்! சபையில் நகை கூடாது என்று கழற்றியது. போன வருடம் மார்க்கெட்டில் ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்து, "டீச்சர், என்னைத் தெரியலியா, கம்மல் இல்லாம எனக்கே உங்கள அடையாளம் தெரியல" என்றாள். பழைய மாணவி. எத்தனையோ வருடத்துக்குப் பின் எமீமாவைத் தவிர ஒரு ஆள் டீச்சர் என்று கூப்பிட்டது. வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு வார்த்தையை வாயில் போட்டுச் சுவைத்துக்கொண்டே வந்தாள், வெட்கமாக இருந்தது, ஆனாலும் விடமுடியவில்லை. ஜெயசிங், "யாரு அது?" என்றார். "சும்மா, தெரிஞ்ச பிள்ளை" என்றாள். சரி, பாஸ்டர் சம்மதித்துவிட்டார் என்றே வைப்போம். அப்புறம் பரீட்சை இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்துக்கும் போகாத பிள்ளையை எடுத்தவுடன் ஒன்பதில் உட்கார வைக்கமாட்டார்கள், சோதித்துப் பார்ப்பார்கள். எமீமாவின் விடைத்தாளை இவளைத் தவிர ஒருவரும் இதுவரை தொட்டதில்லை. இவளே கேள்வி போட்டு, இவளே திருத்தி, இவளே மார்க் போட்டு, இவளே மகிழ்ந்த மார்க்குகள். அங்கே யாரோ ஒரு சின்ன வயது டீச்சர், பாடத்திட்டம் மாறியபின் வந்தவள், சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்து, யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லித் தந்தது என்று கேட்டால்? எமீமா மறைக்கத் தெரியாத பிள்ளை, எங்க அம்மா என்று சொல்லும். அதைவிட, அந்தக் கோடே விழாவிட்டால்? எல்லாம் சரியாக எழுதிவிட்டால்? ஜூன் மாதத்தில் ஒரு காலை, ஒன்பது மணி, எல்லாப் பள்ளிக்கூடத்து மணியும் அடித்து ஓய்ந்துவிட்டது, மேசை துடைத்துக் கிடக்கிறது, நாற்காலி உள்ளே தள்ளிக் கிடக்கிறது, தான் மட்டும் கையில் கீரைக்கட்டோடு நிற்கிறாள். அப்புறம் என்ன? கீரையை ஆய்வது. அப்புறம்? தீய்ந்த வாடை வந்தது. மீனை அவசரமாகத் திருப்பிப் போட்டாள். ஒரு பக்கம் கறுத்துவிட்டது, அந்தத் துண்டைத் தனக்கென்று ஒதுக்கி வைத்தாள்.

பாஸ்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஜெயசிங் உதிரிபாகக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவரை ஸ்கூட்டரிலேயே கூட்டிவந்திருந்தார். ஸ்தோத்திரம் ஆயிற்று, ஜெபம் ஆயிற்று, ஜெபத்தில் இந்த வீட்டுப் பிள்ளையின் எதிர்காலமும் மீன் சமைத்த கைகளும் ஆசீர்வதிக்கப்பட்டன. காலையில் கணக்குப் போட்ட மேசையில் இரண்டு பேருக்கும் இலை விழுந்தது. எமீமா நீலப் பாவாடை சட்டை போட்டுத் தலையை இறுக்கிப் பின்னி, ரசச் சட்டியோடு சுவரோரம் நின்றாள். வேண்டுமென்றே நீலத்தை எடுத்திருக்கிறாள், ரோஷினியின் யூனிபார்ம் நிறம். யூனிஸ் அதைக் கவனித்தாள். பாஸ்டர் முதல் வாய் வைத்தார், முகம் மலர்ந்தது. இப்போது. இப்போதுதான். "பாஸ்டர்" என்றாள். குரல் வெளியே வந்துவிட்டது. "எமீமாவ ஸ்கூல்ல சேக்கணும். ஒன்பதாம் கிளாஸ்ல. இந்த ஜூன்லயே." சொல்லிவிட்டாள். ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிவிட்டாள். ஜெயசிங் இலையைப் பார்த்தார். எமீமாவின் கையில் கரண்டி சட்டி விளிம்பில் ஒருமுறை தட்டியது. பாஸ்டர் முள்ளை எடுத்து இலை ஓரம் வைத்தார். இனி வேண்டாம் என்பார், இனி நான் பேச வேண்டும், வேலை, கம்மல், சாயங்காலம் என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பல்லுக்குப் பின்னால் தயாராக வைத்துக்கொண்டு யூனிஸ் நின்றாள். பாஸ்டர், "சேத்துருங்களேன்" என்றார்.

"சேத்துருங்க பிரதர், அதுக்கென்ன? நம்ம பேத்தியவே போன வருசம் சேத்தாச்சே. மருமவ வேலைக்குப் போறா, பிள்ளைய வீட்டுல வச்சு யாரு பாக்க? நமக்கும் வயசாயிட்டு." இன்னொரு வாய் சோறு. "உலகத்துக்குள்ள போனாலும் உலகம் நமக்குள்ள வராமப் பாத்துக்கணும், அவ்வளவுதான். குழம்பு ரொம்ப நல்லா வந்திருக்கு சகோதரி, அந்தத் தலைத் துண்டை இப்படி வைங்க." யூனிஸ் தலைத் துண்டை வைத்தாள். கை தானாக வைத்தது. அதுக்கென்ன. அதுக்கென்ன என்று சொல்லிவிட்டார். தோளைத் தட்டி ஆண்டவர் பேசுகிறார் என்று சொன்ன அதே வாய். மருமகள் வேலைக்குப் போகிறாளாம். அவளுக்கு எந்த அட்டை வந்ததாம்? யாரும் அவளை அட்டை எடுக்கச் சொல்லவில்லையா? போன வருடமே சேர்த்தாயிற்றாம், போன வருடம் முழுக்க ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, "வீட்டுப் பாடம் எப்படிப் போவுது சகோதரி?" என்று இவர் கேட்க, ஆண்டவர் கிருபை என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தாளே! இத்தனை வருடமும் ஒரு பெரிய பாறையைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றதாக நினைத்திருந்தாள். தலையில் வைக்கச் சொன்னவர் இப்போது, அட, அதை இன்னுமா வைத்திருக்கிறீர்கள், இறக்கிவிடுங்கள், அது சும்மா தெர்மாகோல்தான் என்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை. பசி மயக்கம் மாதிரி ஒன்று வந்தது. ஜெயசிங்கின் முகத்தில் வெளிச்சம். "அப்ப சரி பாஸ்டர். நீங்க சொல்லிட்டா எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். இவ்வளவு லேசா? இத்தனை வருடம் இவ்வளவு லேசா? எமீமா சுவரோடு ஒட்டி நின்றாள், கண் இரண்டும் பளபளவென்று அம்மாவின் முகத்தில் இருந்தன. பாஸ்டர் கையை நக்கிவிட்டுத் தொடர்ந்தார். "எங்க பேத்தி படிக்க ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ் நமக்கு வேண்டியவங்கதான், நான் ஒரு வார்த்தை சொல்லுதேன். சின்னதா ஒரு பரீட்சை மட்டும் வைப்பாங்க. பாப்பா எழுதிருவாளா சகோதரி? நீங்கதானே டீச்சர், நீங்க சொல்லுங்க."

எழுதிவிடுவாள். தூங்கி எழுந்த முகத்தோடு எழுதிவிடுவாள். சொல்ல வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான், காலையிலிருந்து பழகியதைவிடச் சின்ன வார்த்தை. யூனிஸ் வாயைத் திறந்தாள். துடைத்த மேசையும் உள்ளே தள்ளிய நாற்காலியும் முன்னால் வந்து நின்றன, அவற்றுக்குப் பின்னால் வேலைக்குப் போகும் மருமகள் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றாள், எமீமாவை விட்டுவிட்டால் அப்புறம் அந்த வருடங்களுக்கெல்லாம் சாட்சி சொல்ல ஒருவரும் மிச்சமில்லை, எல்லாம் ஒரு சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் இலையோடு சேர்த்து மடித்துத் தூக்கிப் போட்ட மாதிரி ஆகிவிடும், விடமாட்டேன், இவ்வளவு லேசாக விடமாட்டேன் என்று உள்ளே ஏதோ ஒன்று நகத்தால் பிறாண்டியது. "இல்ல பாஸ்டர்" என்று யூனிஸ் சொன்னாள். தன் குரலா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது, அவ்வளவு நிதானமான டீச்சர் குரல். "மத்ததெல்லாம் பரவால்ல. கணக்குல இன்னும் அடிப்படை பத்தாது. இப்பப் போனா திணறிப்போவா. இன்னும் ஒரு வருசம் வீட்டுலயே இருக்கட்டும்." ஜெயசிங் தலையைத் தூக்கினார். "நீதானே யூனி ராத்திரி முழுக்க..." என்று ஆரம்பித்தவர், பாஸ்டர் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "டீச்சரே சொன்னப்பறம் நாம என்ன சொல்ல?" என்றார் பாஸ்டர். "அடுத்த வருசம் பாத்துக்கலாம். ரசம் ஊத்தும்மா." எமீமா வந்து ரசம் ஊற்றினாள். பாஸ்டருக்கு ஊற்றினாள், அப்பாவுக்கு ஊற்றினாள். அம்மாவின் பக்கம் திரும்பவில்லை.

அவர்கள் எழுந்து கூடத்து ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்த பிறகு, அம்மாவும் மகளும் சமையலறையில் தட்டைப் போட்டு உட்கார்ந்தார்கள். கறுத்துப்போன துண்டை யூனிஸ் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். எமீமா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. இனி கேட்பாள். கேட்கட்டும். ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்கட்டும், கத்தட்டும், தட்டைத் தள்ளிவிடட்டும், இரண்டு அடி கொடுத்துவிட்டுக் கட்டிப் பிடித்து அழுதுவிடலாம், கூடத்துக்குப் போய் நான் சொன்னது பொய் பாஸ்டர் என்று சொல்லிவிடலாம். அந்த ஸ்கூட்டர் இன்னும் கிளம்பவில்லை. பிள்ளை ஒரே ஒரு சத்தம் போட்டால் போதும். எமீமா நிமிர்ந்தாள். அழுதிருந்தாள், துடைத்தும் இருந்தாள். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினாள் யூனிஸ், பொடிக்குக்கூட இல்லை.

"எந்தக் கணக்கும்மா?" என்றாள் எமீமா. "எனக்கு எல்லாம் வருதுன்னுல்லா நெனச்சுட்டேன். நீங்க இவ்வளவு நாள் சொல்லவே இல்லியே. எதுன்னு சொல்லுங்க, இன்னைக்கே உக்காந்து போட்டுப் பழகிருதேன். ஜூனுக்கு இன்னும் நாள் கெடக்குல்லா."

கூடத்தில் பாஸ்டர் கிளம்புவதற்கு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். எமீமா பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் முடிந்து அவள் கண்ணைத் திறப்பதற்குள் சொல்லியாக வேண்டும். பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி, மகளால் போட முடியாத ஒரு கணக்கை யூனிஸ் தேடத் தொடங்கினாள்.